மண் இல்லாமல் போன மாங்கன்றுகள்

அக்கா,

விமானம் இறங்க அரைமணி நேரம் இருக்கும்போது கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். மண் கொண்டுவருகிறீர்களா? விதை? செடியில் ஏதாவது ஒரு பகுதி? இறைச்சி, பால், முட்டை, தேன், பதப்படுத்தாத தோல், இறகு? கடந்த முப்பது நாளில் பண்ணை எதற்காவது போனீர்களா? பக்கத்து இருக்கைக்காரர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் மட்டும் கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியாக ரசித்து வாசித்தேன். நாற்பது வருஷமாக இதே பட்டியலோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதை ஒருவர் அழகாக அச்சடித்து, ஆரஞ்சு ஜூஸோடு சேர்த்து என் கையில் கொடுத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்காதா?

பையில் கொட்டை எடுத்த புளி இருந்தது. 'ஆம்' என்ற கட்டத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி டிக் அடித்தேன். இறங்கியதும் ஒரு சின்னப் பெண் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் புளியைப் புரட்டிப் பார்த்தாள், நகத்தால் கீறினாள், ஒரு கொட்டையாவது அகப்படாதா என்று தேடினாள். கொட்டை இருக்குமா, அதை எடுத்தவள் நான். 'நீங்களாகவே சொன்னதற்கு நன்றி' என்று சொல்லி அனுப்பிவிட்டாள். வெளியே வந்ததும் இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான், நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது என்பது உறைத்தது. அங்கேயே பெட்டி தள்ளுகிற வண்டியில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். மகள், ஏதோ சாமானைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்து, அதிகாரிகளிடம் சண்டைக்குப் போகப் பார்த்தாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். இதில் உங்களிடம் சொல்லவேண்டியது கொஞ்சம், மற்றவர்களிடம் சொல்லவேண்டியது ஒன்று.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, சரியாக நினைவில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், மதியத்துக்கு மேல் வெளிவேலை டைப் அடிப்பேன். மனு, பத்திரம், விண்ணப்பம், எது வந்தாலும் அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் சண்டை போட்டுத் திருத்திவிட்டுத்தான் அடிப்பேன். 'அந்தப் பொண்ணு கோர்ட்டு மாதிரி' என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஒருநாள் முக்காட்டை இழுத்துவிட்டபடி, படி ஏறிய மூச்சு வாங்க, ஒரு ரெக்சின் பையோடு நீங்கள் வந்தீர்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பீர்கள். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டீர்கள்.

"மஸ்கட்ல என் தம்பி இருக்கறானுங்க. அவன் மொதலாளி புதுசா தோட்டம் போடறாரு. நம்ம நர்சரியில இருந்து நானூறு ஒட்டு மாங்கன்னு கேக்கறாரு. அந்த ஊரு கவர்மெண்டு தாள் அனுப்பிக்கிது. என்னா போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். வேரில் துளி மண் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் வைக்கோல் கூடாது, பழைய சாக்கு கூடாது. பட்டை உரிக்காத மரத்தில் பெட்டி செய்யக் கூடாது. பூச்சி, பூஞ்சை, வேரைத் தின்னும் நூற்புழு எதுவும் இல்லை என்று நம் அரசாங்கம் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வந்தால் இறங்கிய இடத்திலேயே எரித்துவிடுவார்கள். அதே தாளின் பின்பக்கத்தில் ஆடு, மாடு, பச்சைத்தோல், கொம்பு, குளம்பு, ரோமம் என்று இன்னொரு பட்டியல். நமக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் ருசி கண்டவள்போல அதையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

நீங்கள் பின்பக்கத்தைக் காதில் வாங்கவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டீர்கள். "மண்ணு இல்லாம மாங்கன்னா? பொண்ணைக் குளிப்பாட்டி, துணி கட்டாம கல்யாணத்துக்கு அனுப்பற மாதிரி இருக்குது."

"ரூல்ஸ் அப்படித்தாங்க இருக்குது."

"இந்த ரூல்ஸை எழுதினவன் ஒரு மாங்கன்னாவது நட்டிருக்கறானா?"

"நட்டவங்க ஒரு தாளாவது எழுதியிருக்கீங்களா?"

கோபத்தில்தான் கேட்டேன். நீங்கள் ஒரு கணம் முறைத்துப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள் பாருங்கள், கீழே டீக்கடைக்காரர் தலையை நீட்டிப் பார்க்கிற அளவுக்கு. அன்றைக்குப் பிடித்தது நம் இரண்டு பேருக்கும்.

உங்கள் நிலைமை எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அரூர் போகிற சாலையில், ஒட்டுக்குக் கிளை எடுக்கிற தாய்மரங்களோடு நாலு ஏக்கர் தோட்டம். கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம். ஒட்டுக்கன்று கட்டுகிற நாலு பெண்களை வைத்துக்கொண்டு நர்சரியை நீங்கள்தான் நடத்திக்கொண்டிருந்தீர்கள். கணவரின் அண்ணனுக்கோ அந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு போட வேண்டும். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு வாய் பிளந்துகொண்டிருந்த காலம், அவரைக் குறை சொல்ல முடியாது. 'தை பொறந்ததும் ஏர் கட்டிடுவேன். அதுக்குள்ள இந்தக் கன்னுங்க குடும்பத்தைத் தாங்கும்னு காட்டு. இல்லன்னா தாய்மரத்தோட வெட்டிடலாம், நீ வூட்ல இரு' என்று சொல்லியிருந்தார். கன்று மஸ்கட் போய்ச் சேர்ந்தால் தோட்டம் உங்களுக்கு, சேராவிட்டால் கிழங்குக்கு, அவ்வளவுதான் கணக்கு.

நான் டைப் அடிக்க வந்தவள்தானே, எனக்கென்ன? ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அரூர் பஸ் ஏறிவிடுவேன். ஒரு ஒழுங்குமுறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிஜமாகவே நடத்திப் பார்க்க எனக்கு வாய்த்த முதல் சந்தர்ப்பம் அது. நம் ஊரிலிருந்து, நமக்குத் தெரிந்தவரைக்கும், யாரும் கன்றை விமானத்தில் ஏற்றியதில்லை.

முதல் பத்துக் கன்றுகளின் வேரைத் தொட்டியில் அலசினோம். ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தோம். ஆறாம் நாள் பத்தும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. நீங்கள் என்னிடம் பேசவே இல்லை, ஏதோ நான்தான் அந்த ரூல்ஸை எழுதியதுபோல. அப்புறம் காவேரிப்பட்டணம் பக்கம் கயிறு திரிக்கிற இடத்தில் மலைமலையாகக் கொட்டிக் கிடக்கும் மஞ்சித்தூள் உங்களுக்கு நினைவுக்கு வந்தது. தேங்காய் நாரிலிருந்து உதிர்கிற தூள், அது மண் இல்லை, ஈரத்தையும் பிடித்துவைக்கும். ஆனால் அதிலும் பூச்சி இருக்கக் கூடாதே. வேகவைத்துவிடலாம் என்றீர்கள். எதில்?

கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடமிருந்து பிரியாணி தேக்சாவை வாங்கிவந்து, தோட்டத்து நடுவில் மூன்று கல் வைத்து ஏற்றினீர்கள். விறகு எரிகிறது, தேக்சா கொதிக்கிறது, நீங்கள் நீளக் கரண்டியால் மஞ்சித்தூளைக் கிண்டுகிறீர்கள். சாலையில் போனவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை நிறுத்தி, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். "மாங்கன்னுக்குத்தான். சாப்ட்டுட்டுப் போங்க" என்று கரண்டியை நீட்டினீர்கள். ஒருவர் நிஜமாகவே எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார்.

இந்த முறை இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டு, அலசிய வேரை ஆறவைத்த தூளுக்குள் வைத்தோம். பத்தொன்பதாம் நாள் மதியம் நான் ஒரு பத்திரத்தின் நடுப்பக்கத்தில் இருந்தேன். தடதடவென்று படியேறி வந்தீர்கள். கையில் ஒரு கன்று. அதை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். டைப்ரைட்டர் மேலேயே அதை வைத்துத் தூளை விலக்கிக் காட்டினீர்கள். பழுப்பு வேருக்குப் பக்கத்தில், நூல் மாதிரி, வெள்ளைவெளேரென்று புது வேர்.

"வேர் வுட்டுடுச்சு கண்ணு."

வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துவந்து பார்த்தார்கள். அந்தப் பத்திரத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தூள் கொட்டிப்போனது. மறுபடி அடித்தேன். என் வாழ்க்கையில் முணுமுணுக்காமல் இரண்டாம் தடவை அடித்த ஒரே பக்கம் அதுதான்.

கார்த்திகையில் நானூறும் தயார். மல்கோவா, செந்தூரா, இமாம் பசந்த். புதுப் பலகையில் நாற்பது பெட்டி, பெட்டிக்குப் பத்து. வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கன்றுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மூடி அடித்த பெட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்தார். இனி மெட்ராஸ் போய், விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தாவரச் சோதனை அலுவலகத்தில் காட்ட வேண்டும். அங்கே சில பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சான்று கொடுப்பார்கள். மண் இல்லை, வைக்கோல் இல்லை என்ற உறுதிமொழியை நான் அடித்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். முத்திரை வைத்த இரண்டாம் நாள் விடியற்காலையில் வேன் கிளம்பியது.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்ல? கிருஷ்ணகிரி தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். ஆம்பூர் தாண்டும்போது நீங்கள் மஸ்கட்டுக்கு அப்புறம் சிங்கப்பூர் என்றீர்கள். வேலூர் வருவதற்குள் நான் லண்டனைப் பிடித்துவிட்டேன். வாலாஜா பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, ரொம்ப நிம்மதியாக, "எல்லாம் நல்லபடியா போய்ச் சேரும். பொட்டிக்குப் பொட்டி தாய்மரத்து மண்ணு வெச்சிருக்கறேன்ல" என்றீர்கள்.

என் கையிலிருந்த டீ என் சேலையில் கொட்டியது.

உங்கள் தோட்டத்து வழக்கம் எனக்குத் தெரியும். பென்னாகரம் போனாலும் சரி, பெங்களூர் போனாலும் சரி, அங்கிருந்து எந்தக் கன்று புறப்பட்டாலும் அதன் தாய்மரத்தடியிலிருந்து ஒரு பிடி மண்ணும் கூடப் போகும். வாங்குகிறவர்கள் குழியில் முதலில் அதைத் தூவிவிட்டுத்தான் கன்றை வைப்பார்கள். அப்போதுதான் கன்று ஏங்காது என்பது பேச்சு. தெரிந்திருந்தும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். நூற்புழுவரைக்கும் நினைத்த புத்திக்கு இது எட்டவில்லை.

"மண்ணே கூடாதுன்னு எத்தனை தடவை படிச்சேன்?"

"வேர்ல இருக்கக் கூடாதுன்னுதானே படிச்சீங்க. வேர்ல ஒட்டாம, தனியா மஞ்சத்துணியில முடிஞ்சு, அடியில வெச்சிருக்கறேன். ரூல்ஸை மதிச்சுத்தானே அப்படி வெச்சேன்?"

உங்கள் முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உங்களுக்கு அது மண்ணே இல்லை, பொட்டலம் கட்டிக்கொடுத்த துணை. டீக்கடை முன்னால் நின்று கத்தினேன். தோட்டம் போச்சு, தாய்மரம் போச்சு, குச்சிக்கிழங்கைத் தின்னுட்டு வூட்ல கிடங்க என்று சொன்னேன். அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் என் நாக்கு கூசுகிறது. நீங்கள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு மெதுவாக, "தை பொறக்க முப்பது நாள்தான் இருக்குது" என்றீர்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் அப்பா தபாலாபீஸில் வேலை பார்த்தவர். அரக்கு முத்திரைக்கு அடியில் சூடான பிளேடை விட்டால் அது உடையாமல் கழன்றுவரும், கொஞ்சம் சூடு காட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சின்ன வயதில் வேடிக்கைக்குச் செய்து பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். என் கைப்பையில் டைப் அடித்த தப்பைச் சுரண்டுகிற பிளேடு எப்போதும் இருக்கும். டீக்கடை அடுப்பில் அதைக் காட்டிச் சுடவைத்தேன். வேனுக்குப் பின்பக்கமாகப் போய், முதல் பெட்டியின் முத்திரையைத் தூக்கினேன். வட்டமாக, முழுசாக, அப்படியே கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. எனக்குச் சந்தோஷம். நாற்பது பெட்டி, ஒரு மணி நேர வேலை, முடிச்சுகளை எடுத்துச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம். ஆமாம் அக்கா, ஊரெல்லாம் கோர்ட்டு என்று சொன்ன நான்தான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சட்டமும் நினைவில் இல்லை, உங்கள் தோட்டம் மட்டும்தான் இருந்தது.

நீங்கள் வந்து இரண்டாவது பெட்டியின் மேல் கையை வைத்தீர்கள்.

"வேணாம் கண்ணு. வெச்சிடுங்க."

"பைத்தியமா உங்களுக்கு? மண்ணை எடுத்துட்டாத் தீர்ந்துது."

"மண்ணை எடுத்துடலாம். ரெண்டு நாளா ஈரத் தூளுல கெடக்குது. அதுக்குள்ள இருந்து எதுனா எறங்கியிருந்தா, அதை எந்த பிளேடை வெச்சு எடுப்பீங்க?"

நான் பிளேடை இறக்கினேன். நீங்கள் வேன் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள். உங்கள் கணவர் இருந்தபோது எங்கிருந்தோ ஆசைப்பட்டுப் பத்துக் கன்று வாங்கிவந்தாராம், வேரில் பெரிய மண்ணுருண்டையோடு. அந்த மண்ணில் என்ன வந்ததோ, அவை நட்ட இடத்திலிருந்து வரிசையாகக் காய ஆரம்பித்தன. உங்கள் மாமனார் வைத்த மூன்று வரிசை மரம், ஒரே மழைக்காலத்துக்குள் விறகு. "வித்தவன் நல்லவன்தான். அவனுக்கும் தெரியாது" என்றீர்கள். "மஸ்கட்டு தோட்டத்துக்குப் பக்கத்துல இன்னொருத்தன் தோட்டம் இருக்கும்ல. அவன் என்னா பண்ணான் நமக்கு? ஆபீசருகிட்ட சொல்லிடலாம். எரிக்கச் சொன்னா எரிச்சுட்டுப் போலாம்."

அந்தத் தாளை நூறு முறை படித்தவள் நான். அதில் ஒவ்வொரு வரியும் எதற்காக எழுதப்பட்டது என்பது டீக்கடை வாசலில் உங்கள் வாயால் கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் கழன்ற முத்திரை என் கையில் ஆறிக் கல்லாகியிருந்தது. அதை மறுபடி சூடு காட்டி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

மதியம் மெட்ராஸ். சோதனை அலுவலகத்தின் கொட்டகையில் பெட்டிகளை இறக்கினோம். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு அதிகாரி. அவர் ஆள் கடப்பாரையை எடுத்துவந்தபோது நீங்கள் முன்னால் போனீர்கள்.

"ஐயா, தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணுங்க. எல்லாப் பொட்டியிலயும் மண்ணு இருக்குதுங்க. நான்தான் வெச்சேன். தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பெட்டிகளைச் சுற்றி நடந்தார். முதல் பெட்டியில் நின்றார். "இந்த முத்திரையை யார் எடுத்தது?"

என் கைப்பைக்குள் பிளேடு இருந்தது. வாயைத் திறக்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

"அதுவும் நான்தானுங்க" என்றீர்கள் நீங்கள்.

அவர் நம்பினாரா என்று தெரியாது. முத்திரை கலைந்த பெட்டிக்குத் தன்னால் எந்தச் சான்றும் தர முடியாது, அதை எரித்தாக வேண்டும் என்றார். மற்ற முப்பத்தொன்பதையும் திறந்து, தூளையும் மண்ணையும் மொத்தமாக அழித்துவிட்டு, வேரை மறுபடி அலசி, மருந்தில் முக்கி, புதுத் தூளில் வைத்தால் ஒவ்வொரு கன்றாகப் பார்ப்பேன், மாதிரிக்கு நாலு பெட்டி பார்க்கிற பேச்சே இல்லை என்றார். சுத்தமாக இருந்தால் மூன்றாம் நாள் விமானம், இல்லையென்றால் எல்லாம் நெருப்புக்குத்தான் என்றார். அந்தப் பத்து செந்தூராக் கன்றுகளும் எரிந்து முடியும் வரைக்கும் நீங்கள் நகரவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பகல் எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. தூளுக்கு வேன் டிரைவர் ஊரெல்லாம் அலைந்தார். ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்காரரைப் பிடித்து அண்டா வாங்கினீர்கள். மெட்ராஸிலும் நாலு பேர் நின்று யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள். முன்னூற்றுத் தொண்ணூறு கன்றுகளின் வேரையும் விரல் விரலாக அலசினோம். என் நகக்கண்ணெல்லாம் மருந்து ஏறி எரிந்தது. உங்கள் பெரிய குரலில் ஒரு பாட்டு வேறு. அலுவலகத்து ஆட்கள் முதலில் முறைத்தார்கள், இரண்டாம் நாள் அவர்களே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அந்த அதிகாரி உட்கார்ந்தார். ஒரு கன்றை எடுப்பார், பூதக்கண்ணாடியை வைப்பார், வேரைப் பிரிப்பார், கீழே வைப்பார். நீங்கள் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தீர்கள். நான் மாதாவை விடவில்லை. கடைசிக் கன்றை வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு வந்து, சான்றில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நான் வாங்கினேன். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அக்கா. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பிழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அன்றைக்கு விமான நிலையத்துக்கு எதிரே, ரயில் பாதை ஓரம் நின்றோம். எந்த விமானத்தில் நம் கன்று போகிறது என்று தெரியாது. அதனால் மேலே ஏறிய ஒவ்வொரு விமானத்துக்கும் கையை ஆட்டினீர்கள். டில்லி போகிறதோ, கொழும்பு போகிறதோ, எல்லாவற்றுக்கும் "பத்திரமா போய்ட்டு வா" என்று சொல்லி அனுப்பினீர்கள். வரவே கூடாதுங்க, அங்கேயே வேர் விடணும் என்று நான் திருத்தினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இரண்டு பேருக்கும்.

மார்கழிக் கடைசியில் மஸ்கட்டிலிருந்து தந்தி வந்தது. பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தீர்கள். அங்கும் சோதித்து இறக்கிவிட்டார்கள், துளிர்த்துவிட்டது, அடுத்த வருஷத்துக்கு ஆயிரம் வேண்டும் என்று இருந்தது. படித்தேன். இன்னொரு தடவை படிங்க என்றீர்கள். ஐந்து தடவை படித்தேன். அன்று சாயங்காலமே உங்கள் கணவரின் அண்ணன் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அவர் தந்தியை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் பார்த்தார். "சரி, குச்சியை என் காட்டுலயே நட்டுக்கறேன். எனக்கும் ஒரு மல்கோவா கொடு" என்றார். தோட்டம் நின்றது. இன்றைக்கும் நிற்கிறது, உங்கள் மகள் நடத்துகிறாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். மெட்ராஸில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னீர்கள்: "நான் பயந்துபோய் முத்திரையைக் கழட்டி மறைக்கப் பார்த்தேன். இந்தப் பொண்ணுதான், வேணாம், ஆபீசருகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு நின்னாங்க." நான் வாயைத் திறந்தேன். என் காலை நன்றாக மிதித்தீர்கள்.

திரும்பி வரும்போது உங்களோடு சண்டை போட்டேன். நீங்கள் நடையைக்கூட நிறுத்தவில்லை. "எனக்குத் தோட்டம் மிஞ்சுச்சு. உங்களுக்கு என்னா மிஞ்சுச்சு? இந்தப் பேரை வெச்சுக்குங்க" என்றீர்கள்.

வைத்துக்கொண்டேன். அதுதான் என் பிழைப்பாகிப்போனது. 'அந்த டைப் அடிக்கிற பொண்ணு எழுதினா உண்மையா இருக்கும்' என்று புளி ஏற்றுமதி செய்கிறவர்கள் வந்தார்கள். மாங்கூழ்க்காரர்கள் வந்தார்கள், ஆட்டுத்தோல் மண்டிக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு வீணாகப் படித்த அந்தப் பின்பக்கப் பட்டியல், கொம்பும் குளம்புமாக, எல்லாம் உபயோகத்துக்கு வந்தது. அலுவலகங்களில் என் தாளைப் பார்த்தால் மேலோட்டமாகப் பார்த்து அனுப்புவார்கள். தோலுக்கு மருந்து போடாமலே போட்டதாக எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு. ஒருதரம்கூட எழுதவில்லை. நேர்மை என்று ஊர் சொன்னது. எனக்குத் தெரியும், அது இரவல் சேலை. சொந்தச் சேலையென்றால் கொஞ்சம் கறை பட்டாலும் பரவாயில்லை என்று இருந்திருப்பேன். அடுத்தவர் கொடுத்தது என்பதால் நாற்பது வருஷம் பயந்து பயந்து உடுத்தினேன்.

உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம். உங்கள் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். எங்கம்மா மறைக்கப் பார்த்தாங்க, இவங்கதான் உண்மையைச் சொன்னாங்க என்று. நீங்கள் உள்ளே கிடக்கிறீர்கள், உங்கள் மேல் ஒரு பொய்ப்பழி, அதை உங்கள் மகளே சொல்கிறாள். நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இங்கிருந்து அவளுக்குப் போன் செய்தேன். பிளேடு என்னுடையது, கை என்னுடையது, உண்மையைச் சொன்னவர் உன் அம்மா, அந்த முத்திரைப் பழியையும் அவர்தான் வாங்கிக்கொண்டார் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தெரியுங்க ஆண்ட்டி" என்றாள். "அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னே?"

"அம்மாதான் சொல்லச் சொன்னாங்க. 'அவங்களா வாய் தொறந்து சொல்ற வரைக்கும் நீ இப்படியே சொல்லு. சொல்லிட்டாங்கன்னா, அவங்கதான் உண்மையைச் சொன்னாங்கன்னு அன்னிக்கு நான் சொன்னது பொய்யில்லைன்னு ஆயிடும்'னாங்க."

இனி தோட்டத்துக்கு யார் வந்து கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்லச் சொல்லியிருக்கிறேன். சரிங்க ஆண்ட்டி என்று அழுதுகொண்டே சொன்னாள். என் பெயரைக் கேட்டால் ஊரில் இனி என்ன சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. அறுபத்தைந்து வயதில், அக்கா, முதன்முதலாக அது என் சொந்தப் பெயராக இருக்கும்.